கைமாறிய கதை: கொலம்போவின் கைரேகையும் கலைத் திருட்டும்

கலைத் திருட்டை வைத்து எடுக்கப்படும் துப்பறியும் படங்களில் ஓவியம் தெரிந்தவனுக்கே மரியாதை. அவன் படத்தின் முன்னால் நிற்பான், தலையைச் சற்றே சாய்ப்பான்; மற்றவர் கண்ணுக்குத் தட்டுப்படாத ஒன்று அவன் கண்ணுக்குத் தட்டுப்படும்; போலி அம்பலமாகும். இந்த வாடிக்கைக்கு நேர் எதிரான ஒரு படத்தை அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி 1971 நவம்பர் 17 அன்று ஒளிபரப்பியது. ‘கொலம்போ’ வரிசையில் வந்த அந்தப் படத்தின் பெயர் ‘சூட்டபிள் ஃபார் ஃப்ரேமிங்’. ஜாக்சன் கில்லிஸ் எழுதி, ஹை அவர்பேக் இயக்கியது. ஓடும் நேரம் ஒன்றேகால் மணி. இதில் ஓவியம் தெரிந்தவன்தான் கொலைகாரன். துப்பறியும் காவல் அதிகாரி கொலம்போவுக்கு ஓவியத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. திருடுபோனவை எட்கர் தெகா வரைந்த இரண்டு பேஸ்டல் ஓவியங்கள். இரண்டும் அசல். போலி ஓவியம் என்று ஒன்று படத்தில் மருந்துக்கும் கிடையாது. ஆனாலும் கலைப் போலி என்பது உண்மையில் எந்த இடத்தில் நிகழ்கிறது என்பதை, போலி ஓவியத்தையே கதைப்பொருளாக எடுத்துக்கொண்ட பல படங்களைவிட இந்தப் படம் சரியாகப் பிடித்திருக்கிறது என்பது என் வாதம்.

கதை சிக்கலற்றது. தொலைக்காட்சியில் கலை விமர்சனம் செய்து புகழ்பெற்ற டேல் கிங்ஸ்டன், பியானோ வாசித்துக்கொண்டிருக்கும் தன் மாமாவைச் சுட்டுக் கொல்கிறான். உடல் சூடு ஆறாமலிருக்க மின்கம்பளியைப் போர்த்திவிட்டு, ஓர் ஓவியக் காட்சியின் தொடக்க விழாவுக்குப் போய் எல்லார் கண்ணிலும் படுகிறான். அங்கே வண்டி நிறுத்தும் பணியாளிடம் வலியப்போய் மணி கேட்டுவைக்கிறான். அவன் விழாவில் இருக்கும் நேரத்தில், அவனுடைய கூட்டாளியான இளம்பெண் அந்த வீட்டில் வானத்தை நோக்கி ஒரு குண்டு சுட்டுவிட்டு, தெகாக்களோடு தப்பிக்கிறாள். பிறகு அவளும் கொல்லப்படுகிறாள். இவ்வளவும் ஓவியத்தை விற்றுக் காசாக்குவதற்காக அன்று. மாமா தன் சேகரிப்பு முழுவதையும் விவாகரத்தான முன்னாள் மனைவி எட்னாவுக்கு எழுதிவைத்திருப்பது கிங்ஸ்டனுக்குத் தெரியும். கொலைப்பழி எட்னாமேல் விழுந்தால் அவளுக்குச் சொத்துரிமை போய்விடும். எல்லாம் தன்னிடம் வந்துசேரும். அதனால் திருடிய இரண்டு ஓவியங்களையும் எட்னாவின் வீட்டில் அவனே ஒளித்துவைத்து, காவல்துறை அங்கே தேடும்படி காய் நகர்த்துகிறான். ஓவியங்கள் கிடைக்கின்றன. அவற்றின்மேல் கைரேகை பார்க்கிறார்கள். கிடைக்கும் ரேகை எட்னாவுடையதும் இல்லை, கிங்ஸ்டனுடையதும் இல்லை, கொலம்போவுடையது. சில நாட்களுக்கு முன் கிங்ஸ்டன் தன் குடியிருப்புக்குள் ஒரு பையோடு நுழைந்தபோது, அங்கே காத்திருந்த கொலம்போ அசட்டு ஆர்வத்தோடு அந்தப் பைக்குள் கைவிட்டார். கிங்ஸ்டன் பதறி இழுத்துக்கொண்டான். அந்த ஒரு கணத்தில் பதிந்த ரேகை அது. இந்த அறையிலேயே இப்போதுதான் நீ தொட்டாய் என்று கிங்ஸ்டன் கத்துகிறான். கொலம்போ மழைச்சட்டைப் பைகளிலிருந்து கைகளை வெளியே எடுக்கிறார். இரண்டு கையிலும் கையுறை.

இந்த முடிவைப் பலரும் சாமர்த்தியமான திருப்பமாக மட்டுமே பாராட்டுகிறார்கள். அதற்குள் இருக்கும் தர்க்கம் இன்னும் நுட்பமானது. ரேகை மட்டும் எதையும் நிரூபிக்காது. எப்போது பதிந்தது என்பதை ரேகை சொல்வதில்லை. கையுறைதான் அதற்கு ஒரு காலத்தைக் கொடுக்கிறது. எட்னா வீட்டில் தேடுதல் தொடங்கியபின் கொலம்போவின் விரல் அந்தப் படத்தில் பட்டிருக்க வாய்ப்பில்லை. திருட்டுக்கு முன்பு அவர் அதைப் பார்த்ததே இல்லை. ஆகவே இந்த இரண்டுக்கும் நடுவே ஓவியம் எங்கோ அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. அந்த இடம் கிங்ஸ்டனின் பை. தெகாவின் கோடு எப்படிப்பட்டது, அவர் வண்ணத்தை எப்படித் தேய்த்தார் என்ற அறிவெல்லாம் இங்கே தேவைப்படவில்லை. தேவைப்பட்டது ஒரே கேள்விக்கான விடை: இந்தப் பொருள் யார் யார் கையில், எந்த வரிசையில் இருந்தது? கிங்ஸ்டன் அந்த வரிசையைத்தான் போலியாக எழுதினான். ஓவியம் அசல், அது கைமாறிய கதை போலி. ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்கும் உருவாக்கிய இந்தத் தொடரின் வடிவமும் இதற்குப் பொருந்திவருகிறது. கொலையாளி யார் என்பது முதல் காட்சியிலேயே நமக்குத் தெரிந்துவிடும். எஞ்சியிருப்பது எப்படி நிரூபிப்பது என்ற கேள்வி மட்டுமே. கலைக் குற்றங்களில் நடைமுறையும் பெரும்பாலும் இதுதான். எங்கிருந்து போனது என்று ஊருக்கே தெரிந்திருக்கும். காட்டுவதற்குக் காகிதம் இருக்காது.

இதற்கு மாறான காட்சிக்கு 2010 ஆகஸ்ட் 8 அன்று பிபிசி ஒளிபரப்பிய ‘ஷெர்லாக்’ தொடரின் ‘தி கிரேட் கேம்’ படத்தை எடுத்துக்கொள்ளலாம். மார்க் கேட்டிஸ் எழுதியது. புதிதாகக் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும், 3 கோடி பவுண்டு மதிப்புள்ள ஒரு வெர்மீர் ஓவியம் போலி என்பதை ஷெர்லாக் சில விநாடிகளில் நிரூபித்தாக வேண்டும். தொலைபேசியின் மறுமுனையில் ஒரு குழந்தையின் குரல் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வருகிறது. ஓவியத்தின் இரவு வானத்தில் ஒரு விண்மீன் வெடிப்பு தீட்டப்பட்டிருப்பதை அவர் கவனிக்கிறார். அது வானில் தோன்றியது 1858-இல் என்கிறது கதை; வெர்மீர் இறந்ததோ 1675-இல். அருமையான காட்சி, சந்தேகமில்லை. இதிலும் ஓர் உண்மை இருக்கிறது: போலியைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் காலப்பிழைதான். ஆனால் அந்தக் காலப்பிழையைப் படத்துக்குள்ளேயே, எவரும் பார்க்கும்படி வைத்துவிடுகிறது கதை. அத்தனை ஆண்டு வெர்மீரைப் படித்து, அவரைப் போலவே தீட்டத் தெரிந்த ஒருவன், வானத்தில் தேவையில்லாத ஒரு நட்சத்திரத்தை ஏன் வைப்பான் என்று நாம் கேட்பதில்லை. குழந்தை எண்ணிக்கொண்டிருப்பதால் நமக்கு அவகாசமும் இல்லை.

நிஜத்தில் போலி வெர்மீர்களின் கதை வேறு விதமாகவே முடிந்தது. டச்சு ஓவியர் ஹான் வான் மீகெரன் தீட்டிய ‘எம்மாவுஸில் இராவுணவு’ ஓவியத்தை 1937-இல் வெர்மீரின் தலைசிறந்த படைப்பு என்று அறிவித்தவர் ஆபிரகாம் பிரேடியஸ். டச்சு ஓவியத்தில் அன்று அவரை மிஞ்சிய அதிகாரம் கிடையாது. வயது 80-ஐத் தாண்டியிருந்தது. ரோட்டர்டாமின் பாய்மன்ஸ் அருங்காட்சியகம் 5 லட்சம் கில்டருக்குமேல் கொடுத்து அதை வாங்கியது. இன்று அந்தப் படத்தைப் பார்ப்பவர்களுக்கு, இதை எப்படி வெர்மீர் என்று நம்பினார்கள் என்றே வியப்பாக இருக்கும். கனத்த இமைகளும் உயிரற்ற முகங்களும் 1930-களின் ரசனையைத்தான் காட்டுகின்றன. ஆனால் 1930-களில் வாழ்ந்த கண்ணுக்கு அது தெரியவில்லை. தன் காலத்தின் சாயல் தன் காலத்துக் கண்ணில் படாது. வான் மீகெரன் பிடிபட்டது வேறு வழியில். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நாஜித் தலைவர் ஹெர்மன் கோரிங்கின் சேகரிப்பில் ‘கிறிஸ்துவும் விபசாரப் பெண்ணும்’ என்ற ‘வெர்மீர்’ கிடைத்தது. அது யார் வழியாக வந்தது என்று கைகளைப் பின்னோக்கித் தொடர்ந்தார்கள். இடைத்தரகர் வழியாகத் தடம் வான் மீகெரனிடம் போய் நின்றது. 1945 மே மாதம் அவரைக் கைது செய்தார்கள், போலி வரைந்ததற்காக இல்லை. நாட்டின் கலைச்செல்வத்தை நாஜிக்கு விற்ற குற்றத்துக்காக. அந்தப் பழியிலிருந்து தப்பத்தான் அவர் தானே வரைந்ததாக ஒப்புக்கொண்டார். அப்போதும் நம்பாதவர்களுக்காகக் காவலர் முன்னிலையில் இன்னொரு ‘வெர்மீர்’ தீட்டிக் காட்ட வேண்டியிருந்தது. 137 ஓவியங்களைக் கொடுத்து கோரிங் வாங்கியது போலி என்று தெரிந்ததும் ஊரே சிரித்தது. 1947-இல் கிடைத்த ஓராண்டுச் சிறைத்தண்டனையை அனுபவிக்காமலே, அந்த டிசம்பரில் வான் மீகெரன் இறந்துபோனார்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கண் ஏமாறலாம், ஆய்வகம் ஏமாறாதே? பால் கோரமன்ஸ் தலைமையிலான குழு வான் மீகெரனின் வண்ணத்தில் பேக்கலைட் வகைப் பிசின் கலந்திருப்பதைக் கண்டறிந்தது. 17-ஆம் நூற்றாண்டில் அந்தப் பொருளே கிடையாது. ஜெர்மனியில் வொல்ஃப்காங் பெல்ட்ராக்கி, காம்பென்டாங்க் என்ற ஓவியரின் பெயரில் வரைந்த போலி ஓவியம் 2006-இல் கொலோன் ஏலத்தில் ஏறத்தாழ 29 லட்சம் யூரோவுக்குப் போனது. 1914-ஐச் சேர்ந்தது என்று சொல்லப்பட்ட அதில், அப்போது சந்தைக்கே வராத டைட்டானியம் வெள்ளை இருந்தது. ஷெர்லாக்கின் நட்சத்திரத்தை வண்ணக்குழம்புக்குள் இடம்மாற்றி வைத்தால் இதுதான். மறுப்பதற்கில்லை. ஆனால் ஆய்வகம் எப்போது அழைக்கப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கோரமன்ஸ் குழு வந்தது வாக்குமூலத்துக்குப் பிறகு. காம்பென்டாங்க் வண்ணத்தைச் சோதித்தது, உறுதியான சான்றிதழ் ஏதும் இல்லையே என்று வாங்கியவருக்கு நெருடிய பிறகு. கதையில் முதலில் விரிசல் விழுகிறது. அப்புறம்தான் நுண்ணோக்கி வருகிறது. மேலும், ஆய்வகத்தின் சொல்லும் எல்லாரையும் அடக்கிவிடுவதில்லை. வான் மீகெரன் ஒப்புக்கொண்டு, வேதியியலும் உறுதிசெய்த பிறகும், ‘எம்மாவுஸ்’ அசல் வெர்மீர்தான் என்று பெல்ஜிய நிபுணர் ழான் டெகோன் பிடிவாதமாக வாதாடிக்கொண்டிருந்தார். இன்னொன்றும் உண்டு: அசல் பொருள் திருடப்பட்டதா என்ற கேள்விக்கு வேதியியலில் விடையே கிடையாது. தெகாவின் பேஸ்டலை எத்தனை முறை சோதித்தாலும் அது தெகா என்றுதான் வரும்.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது. கைமாறிய வரலாறுதான் சாட்சி என்றால், அந்த வரலாற்றையே போலியாகச் செய்துவிட முடியாதா? முடியும், செய்திருக்கிறார்கள். பெல்ட்ராக்கி தம்பதியர் செய்தது அதுதான். ஓவியங்களின் பின்புறம் ஆல்ஃப்ரெட் ஃப்ளெக்ட்ஹைம் என்ற புகழ்பெற்ற வணிகரின் பெயரில் போலி ஒட்டுச்சீட்டுகள். மனைவி ஹெலன் தன் பாட்டியைப் போல உடையணிந்து, பின்னால் போலி ஓவியங்கள் தொங்க, பழைய காலத்துப் புகைப்படம்போல எடுத்துக்கொண்ட ஒரு படம். லண்டனில் ஜான் ட்ரூ என்ற மோசடிக்காரர் இன்னும் ஒருபடி மேலே போனார். அவருக்காக ஜான் மையட் வரைந்த 200 அளவிலான ஓவியங்களில் சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் வண்ணம்கூடப் பயன்பட்டது. எந்த ஆய்வகமும் ஒரே மாலையில் கண்டுபிடித்திருக்கும். ஆனால் ட்ரூ அதற்கு இடம்வைக்கவில்லை. டேட் கலைக்கூடத்தின் ஆவணக்காப்பகத்துக்குள்ளும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியக நூலகத்துக்குள்ளும் ஆராய்ச்சியாளராக நுழைந்து, பழைய காட்சிப் பட்டியல்களுக்குள் தன் போலிப் பக்கங்களைச் செருகிவைத்தார். சரிபார்க்கப் போனவர்கள் காப்பகத்திலேயே ‘ஆதாரம்’ கண்டார்கள். கிங்ஸ்டன் எட்னா வீட்டில் ஓவியத்தை வைத்ததும் இதே வேலைதான்: தேடப்போகும் இடத்தில் தேடப்படுவதை முன்கூட்டியே வைப்பது.

அப்படியானால் என் வாதம் விழுந்துவிடுகிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. போலி வரலாறு சாத்தியம் என்பது, குற்றவாளிகளே எந்த இடத்தை முக்கியம் என்று கருதுகிறார்கள் என்பதற்குத்தான் சான்று. எமல்ஷன் வண்ணத்தில் அலட்சியமாக இருந்த ட்ரூ, காகிதத்தில் அலட்சியமாக இருக்கவில்லை. அதோடு, தூரிகை வேலையை ஒருவன் தனியறையில் முடித்துவிடலாம். வரலாற்றைப் போலி செய்ய மற்ற மனிதர்கள் வேண்டும். விற்றவர் என்று ஒரு பெயர் வேண்டும், கடிதத்தாள் வேண்டும், முத்திரை வேண்டும், ஒத்துழைக்க ஒரு கூட்டாளி வேண்டும். ஒவ்வொரு சேர்க்கையும் விசாரித்துப் பார்க்கக்கூடிய இன்னொரு முனை. ஃப்ளெக்ட்ஹைம் ஒட்டுச்சீட்டை அந்த வணிகரைப் பற்றி நன்கறிந்த ஒருவர் பார்த்ததும் கதை கலைந்தது. ட்ரூவின் முன்னாள் துணைவி அவருடைய காகிதங்களைக் காவல்துறையிடம் கொடுத்தார். 1999-இல் ட்ரூவுக்கு ஆறாண்டுத் தண்டனை கிடைத்தது. கிங்ஸ்டன் கூட்டாளியைக் கொன்றதன் காரணமும் இதுவே. கொன்ற பிறகுதான் ஓவியங்களைத் தானே சுமந்துகொண்டு வீட்டுக்கு வர நேர்ந்தது; வந்த இடத்தில் கொலம்போ உட்கார்ந்திருந்தார். நல்ல திரைக்கதை என்பதற்குமேல் இதில் ஒரு சரியான கணக்கு இருக்கிறது.

படத்தில் நம்ப முடியாதவையும் உண்டு. எல்லாத் திருடர்களும் தாங்கள் எடுப்பதன் மதிப்பை அறிந்தவர்கள் என்று அது எண்ணிக்கொள்கிறது. 1990 மார்ச் 18 அன்று பாஸ்டனின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்துக்குள் காவலர் வேடத்தில் புகுந்தவர்கள் 13 பொருட்களை எடுத்தார்கள். அவற்றில் வெர்மீரும் ரெம்ப்ராண்டும் இருந்தன; தெகாவின் தாள்கள் ஐந்து இருந்தன; ஒரு கொடிக்கம்பத்தின் உச்சியிலிருந்த வெண்கலக் கழுகும் இருந்தது. விலைமதிக்க முடியாத டிஷன் ஓவியத்தைத் தொடவே இல்லை. அந்த வழக்கு இன்னும் துலங்கவில்லை. கைரேகையின் மேல் படம் வைக்கும் நம்பிக்கைக்கும் வரலாறு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1911 ஆகஸ்டில் லூவரிலிருந்து மோனா லிசாவை எடுத்துப்போன வின்சென்ஸோ பெருஜா, கழற்றிப்போட்ட கண்ணாடிச் சட்டத்தில் தன் இடதுகைப் பெருவிரல் ரேகையை விட்டுப்போனார். அவருடைய ரேகை பாரிஸ் காவல்துறையின் கோப்பில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அங்கே பெர்ட்டியோன் வகுத்திருந்த அடையாள முறைப்படி கோப்புகள் வலதுகை ரேகையை வைத்து அடுக்கப்பட்டிருந்ததால் பொருத்திப் பார்க்க முடியவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, ஃபுளோரன்ஸில் ஒரு வணிகரிடம் விற்கப்போனபோதுதான் அவர் மாட்டிக்கொண்டார். ரேகை இருந்தது, தேடும் ஒழுங்கு இல்லை. பொருள் இன்னொரு கைக்குப் போக முயன்ற கணத்தில்தான் சிக்கியது.

திருட்டும் போலியும் ஒரே வழக்கில் முழுமையாகப் பின்னிக்கிடந்ததற்கு எடுத்துக்காட்டு கும்பகோணத்துக்கு அருகிலேயே இருக்கிறது. சிவபுரத்தில் 1951-இல் மண்ணுக்கடியிலிருந்து சோழர் காலச் செப்புத் திருமேனிகள் சில கிடைத்தன. அவற்றில் ஒரு நடராசர். 1950-களின் நடுவில் அவை பழுதுபார்ப்புக்காக ஒரு ஸ்தபதியிடம் ஒப்படைக்கப்பட்டன. கோவிலுக்குத் திரும்பி வந்தவை நகல்கள். அசல் நடராசர் பம்பாய்ச் சேகரிப்பாளர்கள் வழியாக நியூயார்க் போய், 1973-இல் நார்ட்டன் சைமன் நிறுவனத்துக்கு 9 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டார். கிங்ஸ்டனின் தந்திரத்தை இரட்டிப்பாக்கியது போன்ற ஏற்பாடு இது: உரிய இடத்தில் போலிப் பொருள், உரிமையில்லாத இடத்தில் அசல் பொருள். கோவில் பதிவேட்டில் எண்ணிக்கை குறையவில்லை; ஆகவே திருட்டு நடந்ததாகவே யாருக்கும் தெரியவில்லை. இங்கே பயன்பட்ட போலி யாரிடமும் விற்பதற்காகச் செய்யப்பட்டதில்லை. இல்லாமையை மறைக்கச் செய்யப்பட்டது.

என் வாதத்துக்கு இந்த வழக்கே எதிர்ச்சான்று ஆகாதா என்று கேட்கலாம். ஏனென்றால் கோவிலில் இருப்பது நகல் என்பதை முதலில் சொன்னவர் கண்ணை நம்பிய ஒரு நிபுணர்: பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பேரட், சோழர் செப்புத் திருமேனிகள் பற்றி 1965-இல் வெளிவந்த தம் நூலில். அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். பயின்ற கண்ணின் வேலையை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் எழுதி எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் 9 லட்சம் டாலர் கைமாறியது. நூல் அச்சில் இருந்தது, துறையில் எல்லாரும் படித்திருந்தார்கள், விற்பனை நின்றுவிடவில்லை. சிலையை வாங்கிய நார்ட்டன் சைமன் அதைக் கடத்தல் பொருள்தான் என்று வெளிப்படையாகவே சொன்னதாகப் பத்திரிகையில் செய்தி வந்தது. பிறகு அவர் அதை மறுத்தார். சிலை திரும்பியது இந்திய அரசு வழக்குத் தொடுத்த பிறகு. 1976-இல் சமரசம் ஏற்பட்டு, பத்தாண்டு காட்சிக்கு வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டு, 1986-இல்தான் நடராசர் நாடு திரும்பினார். கண் கண்டுபிடித்தது, கண்டுபிடித்ததற்குப் பலன் கிடைக்கக் கைகளின் பட்டியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோவிலின் நடராசர் 2006-இல் களவுபோனபோது அந்தப் பட்டியலுக்கு ஒரு புதுக்கருவி துணைக்கு வந்தது. சுபாஷ் கபூர் என்ற கலைப்பொருள் வணிகரின் நியூயார்க் கடையிலிருந்து ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் அதை 2008-இல் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. கூடவே வந்த காகிதங்கள், இந்தியாவின் தொல்பொருள் சட்டம் வந்த 1972-க்கு முன்பே சிலை வெளிநாட்டவர் ஒருவர் கைக்குப் போய்விட்டதாகக் கதை சொல்லின. அந்தக் கதையை உடைத்தது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படக் காப்பகம். அதன் பணியாளர்கள் 1950-களிலிருந்து ஊர் ஊராகப் போய்க் கோவில்களைப் படமெடுத்துவந்தார்கள். 1972-க்குப் பிறகு ஸ்ரீபுரந்தானில் எடுத்த படமும் அந்தத் தொகுப்பில் இருந்தது. கொலம்போவின் கையுறை செய்த வேலையைத்தான் இந்தப் படம் செய்தது: பொருளுக்கும் இடத்துக்கும் இடையே ஒரு தேதியைக் குத்திவைத்தது. எடுத்தவர்களுக்கு எந்தக் குற்றத்தையும் பிடிக்கும் எண்ணம் இல்லை. கொலம்போவும்கூடக் கிங்ஸ்டனின் பைக்குள் கைவிடும்போது வெறுமனே எட்டிப்பார்ப்பவராகத்தானே தெரிந்தார்.

தொலைக்காட்சிப் படத்தால் காட்ட முடியாமல் போன ஒரே ஆள், வாங்குபவர். கிங்ஸ்டனுக்கு ஓவியத்தை விற்கும் தேவையே இல்லாததால் கதையில் அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. குற்றம் முழுவதும் ஒரு மனிதனின் பேராசையாகச் சுருங்கிவிடுகிறது. நடப்பு வேறு. கபூர் 2011-இல் ஃபிராங்ஃபர்ட்டில் கைதாகி, மறு ஆண்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். 2022 நவம்பரில் உடையார்பாளையம் கோவில் சிலைத் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டு சிறை விதித்தது. நடராசர் 2014 செப்டம்பரில், ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்தபோது திருப்பித் தரப்பட்டார். சிலையை வாங்குவதற்கு முன் ஆஸ்திரேலியக் கலைக்கூடம் சட்ட ஆலோசனை கேட்டிருந்தது. சிலையின் முந்தைய வரலாறு போதிய அளவு விசாரிக்கப்படவில்லை என்று அந்த ஆலோசனை எச்சரித்திருந்ததாகப் பின்னாளில் தெரியவந்தது. அதைப் படித்த பிறகும் கலைக்கூடம் 50 லட்சம் டாலரைக் கொடுத்தது.